உங்களுக்குத் தெரியுமா? பாப்பாவுக்குக் கண்கட்டு, நர்சுக்கு?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில், மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையின் கண்ணைக் கட்டி நீல விளக்கடியில் படுக்க வைப்பார்கள். பக்கத்தில் நிற்கும் நர்சுக்குக் கண்கட்டு கிடையாது. 460–490 நானோமீட்டர் நீல ஒளி, மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபினை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். அதே வெளிச்சத்தில் ஷிப்ட் முழுக்க நின்றால் சில நர்சுகளுக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. இன்னொரு தொல்லை: குழந்தையின் உதடு நீலம் பாரித்தாலும் தெரியாது, விளக்கை அணைத்துத்தான் பார்க்க வேண்டும். 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டில், குழந்தையின் தோலில் வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுப்பதை முதலில் கவனித்த ஜீன் வார்டும் நர்ஸ்தான்! விளக்கைச் சுற்றித் திரை கட்டினால் வெளிச்சம் வெளியே சிதறாது. குழந்தைக்கும் கூடுதலாகக் கிடைக்கும். பேரனைப் பார்க்கப் போகும் அப்பத்தாக்களே, அந்தத் திரையை விலக்கிவிடாதீர்கள்.