மூளைக்கு அடியில் கட்டி... ஒரே ஆபரேஷனுக்கு இத்தனை டாக்டர்கள் எதுக்கு?

மூளைக் கட்டின்னா நியூரோசர்ஜன்தானே ஆபரேஷன் செய்வார்? காது மூக்கு தொண்டை டாக்டர் எதுக்கு? மண்டை ஓட்டின் அடித்தளத்தில் கட்டி இருப்பதாகச் சொன்னதும் பல குடும்பங்களுக்கு வரும் சந்தேகம் இதுதான். பதில், அந்தக் கட்டி இருக்கும் இடத்தில் இருக்கிறது.

அடித்தளம் என்றால் எது?

மூளை உட்கார்ந்திருக்கும் எலும்புத் தளம்தான் அது. அதற்குக் கீழே மூக்கு, முன்னால் கண்கள், பக்கவாட்டில் காதுகள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களும், பார்வை, கேட்டல், முக அசைவு, விழுங்குதல் ஆகியவற்றுக்கான நரம்புகளும் இந்தத் தளத்தின் ஓட்டைகள் வழியாகத்தான் போய் வருகின்றன. இங்கே வரும் கட்டிகளில் பல புற்றுநோய் அல்ல. ஆனால் இடம் நெருக்கடியானது. சின்னக் கட்டிகூட பார்வையையோ கேட்கும் திறனையோ பறித்துவிடலாம்.

கூட்டணி எப்படித் தொடங்கியது?

1960-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸில் காது டாக்டர் வில்லியம் ஹவுஸும், நியூரோசர்ஜன் வில்லியம் ஹிட்செல்பெர்கரும் கைகோத்தார்கள். செவி நரம்புக் கட்டியை, காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைக் குடைந்து மைக்ராஸ்கோப் உதவியுடன் எடுத்தார்கள். இந்த வழியில் அந்தக் காதின் கேட்கும் திறன் போய்விடும். ஆனால் மூளையை அதிகம் நகர்த்தாமலே முக நரம்பை அடையாளம் கண்டு காப்பாற்ற முடிந்தது.

மூக்கு வழியே எப்படி?

மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கட்டிகளை இன்று பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். வெளியே தழும்பு தெரியாது. காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கின் உள்ளே வழி உண்டாக்கி எண்டோஸ்கோப் கேமராவைப் பிடிப்பார். நியூரோசர்ஜன் இரண்டு கைகளாலும் கட்டியை எடுப்பார். திடீரென்று ரத்தம் கசிந்தால் ஒருவர் காட்சியைத் தெளிவாக வைத்திருக்க, இன்னொருவர் கசிவை நிறுத்துவார்.

எடுப்பதைவிட மூடுவது முக்கியம். மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே கசிந்தால் மூளைக்காய்ச்சல் வரலாம். மூக்கின் நடுச்சுவர் சவ்வை ரத்த ஓட்டத்தோடு திருப்பி அந்த ஓட்டையை அடைக்கும் முறை 2006-ல் வெளியானது. அர்ஜென்டினா டாக்டர்கள் உருவாக்கிய இந்த முறையால் கசிவு ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாமா?

போகலாம். குழுவாக உட்கார்ந்து பேசுவதன் பெரிய லாபமே இதுதான். புரோலாக்டின் ஹார்மோனை அதிகம் சுரக்கும் பிட்யூட்டரி கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிப்பவர் ஹார்மோன் டாக்டர். சின்னச் செவி நரம்புக் கட்டி என்றால் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும், அல்லது கதிர்வீச்சு தரலாம் என்று மற்றவர்கள் சொல்லலாம். பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது, எவ்வளவு அவசரம் என்பதைக் கண் டாக்டர் சொல்வார். முழுக் கட்டியையும் எடுப்பதா, நரம்பைக் காப்பாற்ற கொஞ்சம் விட்டுவிடுவதா என்பதும் இப்படித்தான் முடிவாகும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஒரு காதில் மட்டும் கேட்பது குறைவது அல்லது இரைச்சல், பக்கவாட்டில் வருபவர்கள் தெரியாமல் போவது, முகத்தின் ஒரு பக்கம் மரத்துப்போவது, காரணமில்லாமல் மாதவிலக்கு நிற்பது, பெரியவர்களுக்குச் செருப்பு, மோதிர அளவு கூடிக்கொண்டே போவது. இவற்றுக்கு வேறு சாதாரண காரணங்களும் உண்டு. ஆனால் 'வயசாயிடுச்சு' என்று தள்ளிப்போடாதீர்கள்.

மூக்கு வழி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, டாக்டர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது, கனமான பொருளைத் தூக்கக் கூடாது. குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ, அடக்க முடியாத தாகத்தோடு அதிகமாகச் சிறுநீர் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் ஸ்கேனை எந்தெந்தத் துறை டாக்டர்கள் பார்த்தார்கள்? மருந்து, கதிர்வீச்சு, காத்திருப்பு ஆகியவற்றை யோசித்தீர்களா? இந்த வகை ஆபரேஷனை இந்தக் குழு எத்தனை முறை சேர்ந்து செய்திருக்கிறது? தயங்காமல் கேட்கலாம், இது உங்கள் உரிமை.