ஒரு குடும்பம், இரண்டு கார்கள்: இன்சூரன்ஸ் செய்யும் முறை

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் தாலுகாக்களிலுள்ள நமது அங்கத்தினர் இல்லங்களில் மோட்டார் கார் இருப்பது இந்நாளில் ஓர் அதிசயமன்று. கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் சில வீடுகளில் இரண்டு கார்களும் உண்டு. எந்தக் காரை எவர் ஓட்டுவது என்பது அன்றன்றைய சௌகரியத்தைப் பொறுத்தது. இத்தகைய தம்பதிகள் இன்சூரன்ஸை எவ்விதம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் உதாரணம் கொள்வோம். கணவர் கள்ளக்குறிச்சியில் ஜவுளி வியாபாரம் செய்பவர். மனைவி வெள்ளிமலையில் ஆசிரியை. இரண்டு கார்களும் கணவர் பெயரிலேயே பதிவாகியுள்ளன. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைக் கடந்து மலையேறும் பாதையில் அம்மையார் ஒரு காரை ஓட்டிச் செல்கிறார். இவர்களுக்கு எது உண்டு, எது இல்லை என்று பார்ப்போம்.

முதலாவது, சட்டம் வற்புறுத்துவது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். நம் காரினால் பிறர் உயிருக்கும் உடலுக்கும் உடைமைக்கும் விளையும் நஷ்டத்தை ஈடுசெய்வது இது. இஃதின்றி ஓட்டினால் முதன்முறை 2,000 ரூபாயும், மீண்டும் செய்தால் 4,000 ரூபாயும் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். இதன் பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த அறிவிப்பில், 1,000 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாயும், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாயும் குறிக்கப்பட்டன.

நம் கார் சேதமடைந்தாலோ களவு போனாலோ பணம் கிடைக்க வேண்டுமாயின், சொந்தச் சேத இன்சூரன்ஸும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததைப் பேக்கேஜ் பாலிசி என்பர். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. சொந்தச் சேதப் பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்கே எடுக்கப்படுகிறது. மூன்றாண்டுப் பத்திரம் கையிலிருக்கிறதே என்று நம்பி, இரண்டாம் ஆண்டில் இதைப் புதுப்பிக்கத் தவறுவோர் உண்டு. தேதிகளைத் தனித்தனியே பார்த்துக்கொள்க.

இரண்டாவது, ஓட்டுபவர் யார் என்பது. இங்கிலாந்து போன்ற தேசங்களில் ஓட்டுபவர்களின் பெயர்களையும் பாலிசியில் எழுதுவது வழக்கம். நமது தேசத்தில் இன்சூரன்ஸ் காரைச் சார்ந்தது. சொந்தக்காரரின் அனுமதியும் செல்லுபடியாகும் லைசென்ஸும் உள்ள எவரும் ஓட்டலாம். ஆகவே மேற்சொன்ன ஆசிரியையின் பெயர் பாலிசியில் இல்லாததால் மூன்றாம் நபருக்கோ காருக்கோ உள்ள பாதுகாப்பு குறையாது. ஓட்டப் பழகுபவரும் எல்.எல்.ஆர். பெற்று, லைசென்ஸ் உள்ளவரை அருகில் அமர்த்தி, விதிப்படி ‘எல்’ பலகை மாட்டி ஓட்டினால் பாலிசி செல்லும்.

மூன்றாவதுதான் பலரும் கவனியாதது. ஓட்டுபவரின் சொந்த உயிருக்கு என்ன பாதுகாப்பு?

பாலிசியில் ‘சொந்தக்காரர்-ஓட்டுநர்’ தனிநபர் விபத்துக் காப்பு என்று ஓர் இனம் இருக்கும். 2018 முதல் இதன் தொகை 15 லட்சம் ரூபாய். ஆனால் கார் எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, பாலிசி எவர் பெயரில் இருக்கிறதோ, அவருக்கே, அதுவும் லைசென்ஸ் இருந்தால் மட்டுமே இது உரியது. நமது உதாரணத்தில் கணவருக்கு இது உண்டு. தினந்தோறும் மலைப்பாதையில் செல்லும் மனைவிக்கு இந்த இனத்தின்படி உரிமையில்லை. அவரை மூன்றாம் நபராகக் கொண்டு அதே காரின் இன்சூரன்ஸில் ஈடு கேட்கலாமே எனில், அதுவும் இயலாது. பிறர் வாகனத்தை வாங்கி ஓட்டுபவர் அதன் சொந்தக்காரர் ஸ்தானத்தில் நிற்பவரே என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்துள்ளது. வேறொரு வாகனத்தின் குற்றத்தால் விபத்து நேர்ந்தால் மட்டும் அவ்வாகனத்தின் இன்சூரன்ஸிடம் கேட்கலாம். வளைவில் கார் தானாகவே சறுக்கிப் பள்ளத்தில் வீழ்ந்தால் கேட்பதற்கு எவருமில்லை.

காரில் உடன் செல்பவர் நிலை வேறு. பேக்கேஜ் பாலிசியாயின் சொந்தக் காரில் பயணம் செய்வோரும் அதில் அடங்குவர். வெறும் மூன்றாம் நபர் பாலிசியில் அவர்கள் அடங்கார்.

இதற்குப் பரிகாரம் என்ன? ஆளுக்கொரு காராகப் பதிவு செய்து, ஆளுக்கொரு பாலிசி எடுப்பது ஒரு வழி. ஆனால் காரை மாற்றி ஓட்டும் நாளில் பழைய குறை திரும்பிவிடும். ஏனெனில் அக்காப்பு அவரவர் சொந்தக் காரை ஓட்டும்போதே உரியது. இதனினும் சிறந்த வழி, கணவன் மனைவி இருவரும் தனித்தனியே 24 மணி நேரமும் செல்லும் தனிநபர் விபத்து பாலிசியை 15 லட்சத்துக்குக் குறையாமல் எடுப்பதாகும். எந்தக் காரில் சென்றாலும், பஸ்ஸில் சென்றாலும் அது துணை நிற்கும். அத்தகைய பாலிசி உள்ள சொந்தக்காரர் கார் பாலிசியில் அந்த இனத்துக்கு மீண்டும் பிரீமியம் செலுத்த வேண்டியதில்லை. அது இல்லாதவருக்கும், இரண்டு கார்கள் அவர் பெயரிலிருந்தால், ஒன்றில் அந்த இனத்தை எடுத்தாலே போதும். இவ்வளவு செலவிட இயலாதோர், வங்கிக் கணக்கு மூலம் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்புத் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்திலாவது சேர்க. 18 வயது முதல் 70 வயது வரை உள்ளோர் சேரலாம்.

பெயர் மாற்றுமுன் யோசிக்க வேண்டியவையும் உள. ஈடு கேளாத ஆண்டுகளுக்குரிய போனஸ் சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதலாண்டுக்குப்பின் 20 சதவிகிதமும், படிப்படியாக 50 சதவிகிதம் வரையிலும் தள்ளுபடி தருவது. இது காருக்கன்று, சொந்தக்காரருக்கு உரியது. கணவர் தம் காரை மனைவி பெயருக்கு மாற்றினால் போனஸ் உடன் செல்லாது. பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிடினும் போனஸ் போய்விடும். இரண்டு கார்களுக்கும் சேர்த்து ஒரே சொந்தச் சேத ஏற்பாடு செய்ய 2022-இல் அனுமதி தரப்பட்டது. எனினும் அது இரண்டும் ஒருவர் பெயரில் இருந்தால்தான் பொருந்தும்.

பெயர் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்வதோடு நில்லாமல், 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத வேண்டும். சொந்தக்காரர் காலமானால் பாலிசி மூன்று மாதம், அல்லது அதற்குமுன் முடிவடையுமாயின் அதுவரை, செல்லும். அதற்குள் வாரிசுகள் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்நிலையில் காரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளும் மனைவிக்கோ கணவருக்கோ போனஸும் சேரும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சொந்த உபயோகத்துக்கென இன்சூர் செய்த காரில் வாடகைக்கு ஆளேற்றினாலோ, கூலிக்கு மரவள்ளி மூட்டை ஏற்றினாலோ, விபத்து நேர்கையில் கம்பெனி ஈடு தர மறுக்கும்.

ஆகவே அங்கத்தினர்கள் தத்தம் ஆர்.சி. புத்தகத்தையும் பாலிசியையும் எடுத்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வார்களாக. கார் எவர் பெயரில் உள்ளது? சொந்தச் சேதப் பகுதி எந்தத் தேதியில் முடிகிறது? உண்மையில் அதிகம் ஓட்டுபவருக்கு அவர் பெயரிலேயே விபத்துக் காப்பு இருக்கிறதா? மூன்றாம் கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையாயின், அடுத்த புதுப்பித்தல் வரை காத்திராமல் இம்மாதமே அதற்கு ஏற்பாடு செய்வது குடும்பத்துக்கு நன்மை பயக்கும்.