ரஞ்சன்குடிப் பகுதிச் சின்ன வெங்காய வேளாண்மையில் தழைச்சத்து, கந்தகச் சமநிலை: விளைச்சலும் தரமும்

ஆய்வுச்சுருக்கம்

பயிரின் விளைச்சலையும் தரத்தையும் உறுதிசெய்வதில் தழைச்சத்தும் கந்தகமும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன. பெரம்பலூர் மாவட்டத்தின் அடையாளப் பயிரான சின்ன வெங்காயத்தை முன்வைத்து இவ்வுறவை இக்கட்டுரை விளக்குகிறது. உரத்தேர்வு மாறும்போது கந்தக வரவு எவ்வாறு மாறுகிறது என்பது கணக்கீட்டின்வழிக் காட்டப்படுகிறது.

முக்கியச் சொற்கள்: தழைச்சத்து, கந்தகம், சின்ன வெங்காயம், காரத்தன்மை, பட்டறைச் சேமிப்பு, ரஞ்சன்குடி.

முன்னுரை

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது ரஞ்சன்குடி. 17ஆம் நூற்றாண்டுக் கோட்டையாலும், 1751இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நிகழ்ந்த வாலிகொண்டாப் போராலும் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் இது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியன இம்மாவட்டத்தின் முதன்மைப் பயிர்கள். இவற்றுள் சின்ன வெங்காயம் 70 முதல் 90 நாள்களில் அறுவடைக்கு வருவது. எனினும் அதன் வருவாய் அறுவடை நாளில் முடிவாவதில்லை. விலை குறைந்த காலத்தில் காயைப் பட்டறையில் இட்டுக் காத்திருக்கும் உழவர்க்கு, எடையைப் போலவே தாங்கும் திறனும் முக்கியம். அழுகிய காயும் முளைத்த காயும் விலை போவதில்லை. ஆகவே உர மேலாண்மையை விளைச்சல் அளவு ஒன்றைக்கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது.

இரு சத்துகளின் உறவு

தாவரம் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவும், கந்தகத்தைச் சல்பேட்டாகவும் வேர்வழி உறிஞ்சுகிறது. நைட்ரேட் அம்மோனியமாக ஒடுக்கப்பட்டு அமினோ அமிலங்களாகிறது. சல்பேட், சல்பைடாக ஒடுக்கப்பட்டு, செரின் என்னும் அமினோ அமிலத்தின் வழிப்பொருளோடு இணைந்து சிஸ்டீனாகிறது. இவ்விடத்தில்தான் இரு பாதைகளும் சந்திக்கின்றன. செரின் தழைச்சத்தால் ஆனது. சிஸ்டீனிலிருந்து மெத்தியோனின் உருவாகிறது. இவ்விரண்டும் இன்றிப் புரதம் கட்டமைக்கப்பட இயலாது. எனவே, ஒன்று குறைந்தால் மற்றொன்றை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை. மிகக் குறைவாக உள்ள சத்தே வளர்ச்சியின் எல்லையை வரையறுக்கும் என ஸ்ப்ரெங்கலும் லீபிக்கும் 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய விதிக்கு இது தக்க சான்று.

கந்தகம் பற்றாக்குறையாக இருக்கையில் யூரியாவை மிகுதியாக இட்டால், புரதமாக மாறாத நைட்ரேட்டும் அமைடுகளும் இலையில் தேங்குகின்றன. இதன் விளைவு உணவின் தரத்திலும் வெளிப்படும். கந்தகம் குறைந்த மண்ணில் விளைந்த கோதுமையில் அஸ்பராஜின் மிகுவதும், அம்மாவைச் சுடும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாப்பொருள் கூடுவதும் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஆய்வுகளில் அறியப்பட்டன. ஆலைப் புகையின் கந்தக டைஆக்சைடு கட்டுப்படுத்தப்பட்டபின் ஐரோப்பிய வயல்களில் கந்தகக் குறைபாடு பரவலாகத் தோன்றியமை இதன் பின்னணி.

குறைபாட்டை வயலில் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. தழைச்சத்து தாவரத்தினுள் எளிதில் இடம்பெயரும். ஆதலால் அதன் குறைபாட்டில் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகம் அவ்வாறு எளிதில் இடம்பெயராது. ஆதலால் இளம் இலைகள் முதலில் வெளிறும். இளந்தாள் வெளிறியதைக் கண்டு மேலும் யூரியா இடுவது, நோயை மாற்றி அறிந்து மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வெங்காயத்தின் காரமும் சேமிப்பும்

வெங்காயத்தின் காரம் கந்தகத்தின் கொடை. சிஸ்டீன் வழிச் சேர்மங்கள் காயின் உயிரணுக்களில் மணமற்ற நிலையில் சேமிக்கப்படுகின்றன. காயை நறுக்கும்போது அல்லினேஸ் என்னும் நொதி அவற்றோடு கலக்க, கண்ணீரை வரவழைக்கும் ஆவிப்பொருளும் பைருவிக் அமிலமும் தோன்றுகின்றன. பைருவிக் அமிலத்தின் அளவே ஆய்வகங்களில் காரத்தின் அளவுகோல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து விடாலியா வெங்காயம் இனிப்பாக இருப்பதற்கு அதன் இரகமும், அங்குள்ள மணற்பாங்கான மண்ணில் கந்தகம் குறைவாக இருப்பதும் காரணங்கள். சாம்பார் வெங்காயம் என விற்கப்படும் சின்ன வெங்காயத்திற்கோ காரமும் மணமுமே சந்தை மதிப்பு. மேலும், காரமும் உலர்பொருளும் மிகுந்த வெங்காயம் பொதுவாக நீண்டநாள் தாங்கும். நீர்ச்சத்து மிகுந்த இனிப்பு வெங்காயம் விரைவில் கெடும்.

தழைச்சத்து தாளின் வளர்ச்சிக்கும் அதன்வழிக் காய் பருப்பதற்கும் இன்றியமையாதது. ஆயின் அளவு மிஞ்சினாலோ, காலந்தாழ்த்தி இட்டாலோ, தாள் சாய்வது தாமதமாகும். கழுத்து தடித்து உலராது நிற்கும். அவ்வழியே நோய்க்கிருமிகள் நுழைவதால் பட்டறையில் அழுகல் மிகும். வயலில் எடையாகத் தெரிந்த ஆதாயம் சேமிப்பில் இழப்பாக மாறுவது இவ்வாறே.

உரத்தேர்வும் கந்தக வரவும்

சின்ன வெங்காயத்திற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல்சத்து, 25 டன் தொழுஉரம் என்பதாகும். தழைச்சத்தில் பாதி அடியுரமாகவும், மீதி 30ஆம் நாள் மேலுரமாகவும் இடப்படும்.

இதே அளவை நிறைவுசெய்யும் இரு வழிகளை ஒப்பிடலாம். டிஏபி 130 கிலோவும் யூரியா ஏறத்தாழ 79 கிலோவும் இட்டால் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைவுறும். கந்தக வரவு சுழியம். மணிச்சத்தை 16 விழுக்காடு கொண்ட சூப்பர் பாஸ்பேட்டாக 375 கிலோ இட்டால், அதிலுள்ள 11 விழுக்காட்டுக் கந்தகத்தின்வழி 41 கிலோ கந்தகம் உடன் சேர்கிறது. மேலுரத் தழைச்சத்து 30 கிலோவை அம்மோனியம் சல்பேட்டாக இட்டாலும் ஏறத்தாழ 33 கிலோ கந்தகம் கிடைக்கும். ஆகவே, செறிவு மிக்க உரங்களுக்கு மாறியதும் தொழுஉரம் குறைந்ததும் சேர்ந்தே கந்தக வரவைக் குறைக்கின்றன. மண்ணின் கந்தகத்தில் பெரும்பங்கு அங்ககப் பொருளிலேயே உள்ளது என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

மாவட்டத்தின் தென்பகுதியில் காரை, குளக்காநத்தம் பகுதிகளின் கிரெட்டேசியஸ் காலக் கடற்களிமண்ணில் ஜிப்சம் இழைகள் இயற்கையாகக் காணப்படுகின்றன. கால்சியம் சல்பேட்டாகிய ஜிப்சத்தின் கந்தகம் பயிருக்கு நேரடியாகக் கிடைக்கும். தனிக்கந்தகமோ மண்ணின் நுண்ணுயிரிகளால் சல்பேட்டாக மாறிய பின்னரே பயன்படும். குறுகியகாலப் பயிரான வெங்காயத்திற்கு அதனை நடவுக்கு முன்னரே இடுதல் வேண்டும். 2023இல் அறிமுகமான கந்தகப் பூச்சு யூரியா 37 விழுக்காடு தழைச்சத்தும் 17 விழுக்காடு கந்தகமும் கொண்டது.

எனினும் கந்தகத்தையும் கண்மூடித்தனமாக இடல் ஆகாது. கால்சியம் குளோரைடு கரைசல் முறையில் மண்ணில் கிடைக்கும் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பின் பற்றாக்குறை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மண் ஆய்வே முடிவுக்கு அடிப்படையாதல் வேண்டும்.

முடிவுரை

தழைச்சத்து விளைச்சலின் அளவை உயர்த்துகிறது. அதனைப் புரதமாகவும் காரமாகவும் மாற்றுவதற்குக் கந்தகம் துணைநிற்கிறது. விலை குறைந்த யூரியாவின் கூடுதல் மூட்டையைவிட, பரிந்துரைத்த தழைச்சத்தைக் காலத்தே பிரித்திட்டு, மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாக மாற்றுவது ரஞ்சன்குடிப் பகுதி உழவர்க்கு எளிதில் கைகூடும் வழியாகும். அதன் பயனை அறுவடை நாளின் எடையோடு, பட்டறையைப் பிரிக்கும் நாளில் எஞ்சும் நல்ல காயின் எடையையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.