நாளை மழையே தப்புகிறது, 2050 எப்படித் தெரியும்?

"நாளைக்கு மழை என்கிறார்கள், வெயில் கொளுத்துகிறது. இவர்களா 2050-ஐச் சொல்லப்போகிறார்கள்?" நியாயமான சந்தேகம்தான். ஆனால் நாளைய மழை வானிலை. பல பத்தாண்டுகளின் சராசரிதான் காலநிலை. அடுத்த மே 10 அன்று மழை பெய்யுமா என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. மே மாதம் ஜனவரியைவிடச் சூடாக இருக்கும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

காலநிலை மாதிரி (கணினிக்குள் கணக்குகளால் ஓடும் பூமி) என்ன செய்கிறது? காற்றையும் கடலையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, வெப்பமும் ஈரமும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகும் என்று இயற்பியல் விதிகளை வைத்துக் கணக்கிடுகிறது. உலகம் முழுவதற்குமான மாதிரிகளில் ஒரு கட்டம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு மேகம் அதற்குள் காணாமலே போய்விடும். தோராயமாகத்தான் சேர்க்க முடிகிறது. விடையில் கூடக்குறைய வருவதற்கு இது பெரிய காரணம்.

கணக்கு சரி என்று எப்படித் தெரியும்? 1991 ஜூனில் பிலிப்பைன்சில் பினடுபோ எரிமலை வெடித்தது. அதன் கந்தகம் வானில் உயரே பரவி வெயிலைக் கொஞ்சம் மறைத்தது. நாசாவின் ஜேம்ஸ் ஹான்சன் குழு மாதிரியை ஓட்டிப் பார்த்து, உலகம் சுமார் அரை டிகிரி குளிர்ந்து பிறகு பழையபடி சூடேறும் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட்டது. ஏறக்குறைய அப்படியே நடந்தது.

கடந்த காலத்தையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். சூரியன், எரிமலை இரண்டை மட்டும் கொடுத்தால் கடந்த 50 ஆண்டுகளின் சூடு மாதிரியில் வருவதே இல்லை. கரியமில வாயுவையும் மனிதர் வெளியிடும் மற்றவற்றையும் சேர்த்தால் வருகிறது.

சரி, உங்களுக்கு இதில் என்ன? "2100-க்குள் இத்தனை டிகிரி" என்று செய்தியில் பார்த்தால், எவ்வளவு புகை விடுவோம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது என்று தேடுங்கள். புகை குறைந்தால் விடையும் குறையும். அதைச் சொல்லாத செய்தியை நான் பாதிதான் நம்புவேன்.

எந்தப் பரப்புக்கான எண் என்றும் பாருங்கள். உலகச் சராசரியை நம்பலாம். உங்கள் ஊர் மழையை ஒரே எண்ணாகச் சொன்னால் தயங்குங்கள். உலகச் சராசரி 2 டிகிரி கூடினால் நிலத்தில் அதைவிட அதிகமாகக் கூடும். நாம் குடியிருப்பதோ நிலத்தில்.

மழையிலும் நம்பத்தக்க ஒன்று உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்ப்பது உலகின் பெரும்பாலான இடங்களில் கூடும் என்பதில் மாதிரிகள் ஒத்துப்போகின்றன. மனை வாங்கப் போகும் இடத்தில் "முப்பது வருஷமா இங்க தண்ணி நின்னதே இல்ல" என்று தரகர் சொன்னால், அது போன முப்பது வருடக் கதை. தெரு வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று நடந்து பாருங்கள்.