பரணுக்கு மடக்குப் படி: கடைக்குப் போகும் முன் சீலிங்கைப் பாருங்கள்

தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு பழுதாகிவிட்டது. கூரை ஓரத்திலிருந்து நீர் சொட்டுகிறது. உடனே குடும்பத் தலைவர் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போடுகிறார். அதன் மேல் ஒரு நாற்காலி. மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, மகன் டார்ச் லைட் அடிக்க, சீலிங்கில் இருக்கும் சதுரப் பலகையைத் தலையால் முட்டித் திறக்கிறார். மலேசியாவின் தாமான் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான். அவருக்கு நாற்பது வயதாக இருக்கும்போது இதைப் பார்த்துச் சிரிக்கலாம். அறுபத்தைந்து வயதிலும் அவரேதான் ஏறுகிறார் என்றால் சிரிக்க முடியாது.

வீட்டின் சீலிங்குக்கும் கூரை ஓட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைப் பழைய தமிழில் பரண் என்றே சொல்லிவிடலாம். தீபாவளி அலங்கார விளக்குகள், கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய குண்டான், பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள் எல்லாம் அங்கேதான் போகின்றன. அங்கே பத்திரமாக ஏறி இறங்க உதவுவது மடக்குப் படி. கயிற்றை இழுத்தால் சீலிங்கோடு ஒட்டியிருக்கும் கதவு கீழே வரும். அதன் முதுகில் மடிந்து கிடக்கும் படிகளை விரித்துத் தரையில் ஊன்றினால் ஏறிவிடலாம். வேலை முடிந்ததும் மடித்து மேலே தள்ளிவிட்டால் படி இருந்த இடமே தெரியாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பலர் கடைக்குப் போய் படியை வாங்கி வந்துவிட்டு, அதன் பிறகே எங்கே பொருத்துவது என்று யோசிக்கிறார்கள். இது தலைகீழான வழி. முதலில் பார்க்க வேண்டியது சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை.

அங்கே 'டிரஸ்' எனப்படும் கூரைச் சட்டங்கள் இருக்கும். பழைய வீடுகளில் மரத்தாலும், அண்மைக் காலத்து வீடுகள் பலவற்றில் மெல்லிய எஃகாலும் செய்யப்பட்டவை இவை. முக்கோண வடிவத்தில் மேல் சட்டம், கீழ்ச் சட்டம், இடையில் குறுக்குச் சட்டங்கள் என்று ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு கூரையின் முழுப் பாரத்தையும் சுவருக்குக் கடத்துகின்றன. சீலிங்கைத் தாங்குவது அந்தக் கீழ்ச் சட்டம். படிக்கு வழி விடுவதற்காக அதில் ஒன்றை அறுத்தால் கூரை அன்றே விழுந்துவிடாது. ஆனால் முக்கோணத்தின் பிடி தளர்ந்துவிடும். மெல்ல மெல்ல சுவரில் விரிசலும் ஓட்டு வரிசையில் வளைவும் தெரிய ஆரம்பிக்கும். "ஒரு சட்டம்தானே, அறுத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கட்டை வைத்துவிடலாம்" என்று சொல்லும் குத்தகையாளரை அனுப்பிவிடுவது நல்லது. தொழிற்சாலையில் தயாரான சட்டத்தைக் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் யாரும் அறுக்கக் கூடாது.

ஆகவே, இரண்டு சட்டங்களுக்கு இடையில் எவ்வளவு அகலம் இருக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். ஐரோப்பியத் தயாரிப்புகளில் 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட திறப்பு பரவலானது. அமெரிக்கத் தயாரிப்புகள் பல ஏறக்குறைய 22 அங்குலம் முதல் 25 அங்குலம் வரை அகலமும் 54 அங்குல நீளமும் கேட்கும். படியின் நீளம் சட்டங்கள் ஓடும் திசையிலேயே அமைந்தால் சட்டத்தில் கை வைக்காமல் வேலை முடிந்துவிடும். வீடு கட்டியவர்கள் விட்டுச் சென்ற இரண்டடிச் சதுரத் திறப்பு பெரும்பாலும் போதாது. அப்படிப்பட்ட சிறிய இடத்துக்குக் கத்தரிக்கோல் போல விரிந்து சுருங்கும் உலோகப் படி பொருந்தலாம். அது கேட்கும் திறப்பு சிறியது.

அடுத்தது உயரம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டுப் படிகள் பல 2.8 மீட்டர், அதாவது ஒன்பது அடியும் சொச்சமும் உள்ள சீலிங்கைக் கணக்கில் வைத்துச் செய்யப்படுகின்றன. வெப்பம் மிகுந்த நாட்டில் சீலிங்கைப் பத்தடி உயரத்தில் வைத்துக் கட்டியிருந்தால் படி தரையைத் தொடாது. அடியில் செங்கல்லை அடுக்கிச் சமாளிப்பது தற்கொலைக்குச் சமம். 3 மீட்டருக்கு மேல் நீளும் வகைகளும் விற்பனையில் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். தரையிலிருந்து சீலிங் வரையுள்ள உயரத்தைத் திறப்பு அமையும் அதே இடத்தில் அளந்து, எழுதி எடுத்துக்கொண்டு போவது உத்தமம்.

படி விரியும்போது முன்னால் ஐந்து முதல் ஆறு அடி வரை காலி இடம் தேவை. அந்த நீளத்துக்குத் தரையில் ஒட்டு நாடாவை ஒட்டிப் பார்த்தால் அலமாரி இடிக்குமா, அறைக் கதவு தட்டுமா என்பது உடனே புரிந்துவிடும். இரட்டை மாடி வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல் மாடியில் மாடிப்படி முடியும் இடத்துக்கு நேர் மேலே பரண் திறப்பு இருந்தால், அங்கிருந்து தவறுகிறவர் பத்தடி விழமாட்டார். மாடிப்படி வழியாகக் கீழ்த்தளம் வரை உருளுவார். திறப்பை நடைவழியின் மறுகோடிக்கு மாற்றச் செலவானாலும் பரவாயில்லை.

எந்தப் பொருளில் செய்தது என்பதற்கு வருவோம். மரப்படி காலுக்கு இதமானது, சத்தமும் குறைவு. ஆனால் இறக்குமதியாகும் பைன் மரம் மலேசியக் கரையானுக்குப் பாயசம் மாதிரி. மழைக்காலத்து ஈரத்தில் உப்பிக்கொண்டு கதவு மூடாமல் அடம் பிடிப்பதும் உண்டு. அலுமினியம் இலேசானது, துருப்பிடிக்காது, வயதானவர்களும் மேலே தள்ளி மூடலாம். அலுமினியமே இந்த நாட்டுக்குப் பொருத்தம் என்று சொல்லலாம். எஃகு உறுதியானதுதான், துத்தநாகப் பூச்சு உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிட்டையில் தாங்கும் எடை இருக்கும். 250 பவுண்டு என்றால் சுமார் 113 கிலோ. 375 பவுண்டு என்றால் சுமார் 170 கிலோ. 85 கிலோ எடையுள்ளவர் 30 கிலோ பெட்டியைத் தோளில் வைத்து ஏறினால் 115 கிலோ ஆகிவிடுகிறது! வீட்டில் மிகவும் கனமானவரின் எடையோடு பெட்டியின் எடையையும் கூட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அகலமான படிக்கட்டையும் ஒரு பக்கமாவது கைப்பிடியும் இருக்க வேண்டும். இந்தப் படி வீட்டு மாடிப்படியைவிடச் செங்குத்தானது. ஆகவே, இறங்கும்போதும் படியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் சிறு கஞ்சத்தனம் பெரிய ஆபத்து. பிளாஸ்டர் பலகைக்கு அடிக்கும் கறுப்பு திருகாணிகளால் படியின் சட்டகத்தை மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை பாரம் ஏறினால் சட்டென்று முறியும் ரகம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட தடித்த திருகாணிகளையே பயன்படுத்தச் சொல்ல வேண்டும். படியை விரித்த பின் மடிப்பு மூட்டுகளில் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் கால்பகுதி சரியான நீளத்துக்கு வெட்டப்படவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஒருவரும் ஏறக் கூடாது. பழைய வீட்டின் சீலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதை இரம்பத்தால் அறுத்தால் பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால், சந்தேகம் இருந்தால் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

படி வந்துவிட்டது என்பதற்காகப் பரண் ஓர் அறையாகிவிடாது. சீலிங்கைப் பிடித்திருக்கும் சட்டங்கள் சீலிங்கைத் தாங்கத்தான் போடப்பட்டவை. மனிதர் நடக்கவோ மூட்டை அடுக்கவோ அல்ல. பலகையின் மேல் கால் வைத்தால் நேராகக் கீழே உள்ள அறைக்கு வந்து சேரலாம். 200 கேலன் தொட்டி நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 900 கிலோ எடை. அதற்கென்று தனி மேடை இருப்பதால்தான் அது நிற்கிறது. அந்த மேடையிலோ அதைச் சுற்றியோ பெட்டிகளை அடுக்கக் கூடாது. தொட்டியருகே போக ஒரு நடைபலகை, அலங்கார விளக்குப் பெட்டிகளுக்கு ஓரமாகச் சிறு தளம், இவ்வளவு போதும். அதையும் சட்டங்களின் பலத்தைப் பார்த்தே போட வேண்டும். அதற்கு மேல் அறை கட்ட ஆசைப்பட்டால், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெற்றாக வேண்டும்.

பிற்பகலில் ஓட்டுக்கு அடியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் முதியவர் ஏறி மயங்கினால் இறக்குவது யார்? காலையில் ஏறுவது நல்லது. வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் ஏற வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கயிற்றைத் தொங்கவிடாமல் கொக்கிக் கம்பால் திறக்கும் வகையை வாங்கலாம்.

அளந்து பார்த்ததில் சட்டங்கள் இடம் கொடுக்கவில்லை என்றால் மடக்குப் படி ஆசையை விட்டுவிடலாம். பத்தடி உயரத்துக்கு எட்டும் நல்ல அலுமினிய ஏணி ஒன்றை வாங்கி ஸ்டோர் அறையில் சாய்த்து வைத்தால், தொட்டி பழுதுபார்க்க வருபவருக்கு அது போதும். சாப்பாட்டு மேசையும் சாப்பாட்டுக்கே இருக்கும்.