மஞ்சள் கடுதாசியும் நாணயமும்

கடன் சுமை தாங்காத குடியானவர், "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் தொல்லை தீரும்" என்று எண்ணுவதுண்டு. அது பாதி உண்மையே. திவால் மனுக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதன் விளைவோ பல ஆண்டுகள் தொடரும்.

நமது கிராமங்களில் தனி மனிதரின் திவாலுக்கு இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டமே பொருந்தும். 2016ஆம் ஆண்டின் புதிய சட்டம், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனி நபர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பழைய சட்டப்படி, ரூ. 500 அல்லது அதற்கு மேற்பட்ட கடனைத் தீர்க்க இயலாதவர் மனுச் செய்யலாம். இன்சால்வெண்ட் எனத் தீர்ப்பானதும், ஜப்தி செய்யத்தகாதவை நீங்கலாக, அவரது சொத்துக்கள் கடன் கொடுத்தோருக்குப் பங்கிடப்படும். அடமான நிலத்தின் மீது அடமானம் பெற்றவருக்குள்ள உரிமை மறையாது. விடுதலை உத்தரவு கிடைத்த பின்னரும் சர்க்கார் பாக்கி நிற்கும். ஜாமீன் நின்ற அண்டை வீட்டாரும் பொறுப்பிலிருந்து நீங்கார்.

விடுதலை பெறாதவர் தம் நிலையை மறைத்து ரூ. 50 கடன் வாங்கினாலும் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அவர் பஞ்சாயத்து உறுப்பினராகவும் இருத்தல் இயலாது. திவால் துரதிர்ஷ்டத்தால் நேர்ந்தது, தீய நடத்தையால் அன்று எனக் கோர்ட்டு சான்றளித்து விடுவித்தால், திவால் சட்டம் விதித்த அத்தடை அகலும். ஆகவே பயிர் அழிந்ததற்கான ஆதாரங்களைப் பத்திரப்படுத்தி வைத்தல் அவசியம்.

கோர்ட்டுப் பதிவேட்டைத் தவிர மற்றொரு பதிவேடும் உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் கடன் தகவல் நிறுவனங்கள், நாம் தவணை செலுத்திய விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்கின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண்ணும் இடுகின்றன. குறுகிய காலப் பயிர்க்கடன் தவணை கடந்து இரு பருவங்கள் நிலுவையில் நின்றால் அது வாராக்கடனாகும். அக்கறை படிந்த முதல் சில ஆண்டுகளில் புதுக் கடன் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வட்டி கூடலாம்.

ஆயினும் கறை நிரந்தரமன்று. பழைய பதிவைவிட அண்மைக் காலப் பதிவுக்கே மதிப்பு அதிகம். சிறு கடன் ஒன்றைப் பெற்றுத் தவணை தவறாது செலுத்தி வந்தால் நாணயம் படிப்படியாக மீளும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கடன், முழுதும் கட்டித் தீர்த்த கடனினின்று வேறாகவே பதியப்படும் என்பதையும் நினைவிற் கொள்க. ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை பெறலாம். பிழை இருப்பின் முறையிட்ட 30 நாட்களுக்குள் திருத்த வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 100 நஷ்டஈடு உண்டு.

எனவே, விளைச்சல் பொய்த்தவுடனே வங்கியை அணுகித் தவணையை மாற்றியமைக்கக் கோருவதே முதல் வழி; மஞ்சள் கடுதாசி கடைசி வழி. தயக்கத்தால் காலங்கடத்தும் விவசாயியை உரிய நேரத்தில் வங்கிக்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் அழைத்துச் செல்லுதல் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆற்றத்தக்க நற்பணியாகும்.