தனிவட்டிக் கணக்கும் குடியானவரும்

கடன் பெறும் குடியானவர்களுள் அநேகர் வட்டி எவ்வளவு என்று மட்டுமே விசாரிக்கின்றனர். அது மாதத்திற்கா வருஷத்திற்கா என்பதையும், எத்தொகையின்மீது ஏறும் என்பதையும் கேட்பதில்லை. நஷ்டம் பெரும்பாலும் இவ்விரண்டிடத்திலேதான் நேருகின்றது.

பூவிருந்தவல்லிப் பக்கத்தில் ஒருவர் விதைக்கும் எருவிற்குமாக ரூ. 10,000 கடன் வாங்குவதாக வைத்துக்கொள்க. 'இரண்டு வட்டி' என்று வாய்ப்பேச்சில் கூறுவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். அதாவது வருஷத்திற்கு 24. பாங்கியில் 9 என்று சொன்னால் அது வருஷத்திற்கே. எண் சிறிதாயிருக்கிறதென்று இரண்டை நாடிச் செல்வோரும் உளர்!

தனிவட்டியில் வட்டி முதலின்மீது மட்டுமே ஏறும். முதல், விகிதம், காலம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்தால் தொகை கிடைக்கும். மேற்படி கடனுக்கு 9 மாத வட்டி ரூ. 1,800. நான்காம் மாத முடிவில் அதுவரை ஏறிய வட்டி 800-ஐயும், முதலில் 4,000-த்தையும் செலுத்திவிட்டால், மிகுந்த 5 மாதங்களுக்கு 6,000-த்தின்மீது 600 மட்டுமே. ஆக வட்டி 1,400. முதலில் வரவு வைத்ததைப் பத்திரத்தின் பின்புறம் எழுதி வாங்குதல் அவசியம்.

இனி, தனிவட்டி என்று பேசிய கடனும் புரோநோட்டை மாற்றி எழுதுவதால் கூட்டுவட்டியாகிவிடும். மூன்று வருஷம் ஒன்றும் செலுத்தாவிடில் தனிவட்டிப்படி மொத்தம் ரூ. 17,200. வருஷந்தோறும் பாக்கி வட்டியை முதலோடு சேர்த்துப் புதுநோட்டு எழுதினால் 12,400, பின் 15,376, பின் 19,066 என வளரும். கையெழுத்திடுமுன் நோட்டில் கண்ட தொகை கையில் பெற்ற தொகைதானா என்று பார்ப்பது நலம்.

இத்தகைய கடன்சுமையை முன்னிட்டே சென்னை மாகாணத்தில் 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்திற்குப் பின் விவசாயி வாங்கும் கடனுக்கு ரூபாய்க்கு மாதம் ஒரு பை தனிவட்டியே உச்சவரம்பென அப்போது விதிக்கப்பட்டது. அக்காலத்து ரூபாய்க்கு 192 பை. எனவே வருஷத்திற்கு நூற்றுக்கு 6¼ ஆயிற்று.

அதற்கும் முன்னரே, அம்பத்தூர், ஆவடிக்கு மேற்கே திருவள்ளூர் மார்க்கத்திலுள்ள திரூரில், 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் அவ்வருஷத்திலேயே கூட்டுறவு நாணயச் சங்கம் பதிவாயிற்று. இந்தியாவில் முதலாவது விவசாயக் கடன் சங்கம் அதுவே என்பர். இக்கிராமங்களில் உள்ளவர்க்கு இது பெருமையே.

சேமிப்பிற்கும் கணக்கு இதுவே. அனுகூலம் மட்டும் மறுபக்கம். ரூ. 10,000-த்தை நூற்றுக்கு வருஷம் 6 வீதம் வைத்து, ஆண்டுதோறும் வட்டியை எடுத்துக்கொண்டால் 3 வருஷத்தில் பெறுவது 1,800. வட்டியையும் அதே விகிதத்தில் அங்கேயே விட்டுவைத்தால் 1,910.